மேகாலயக் குடுவைச் செடியை பெங்களூரில் வாங்கி வளர்க்கலாமா? நெப்பந்தஸ் காசியானா: சட்டம், சூழல், வளர்ப்பு

#1 ஒயிட்ஃபீல்ட்_பால்கனி

வணக்கம். செடி விற்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'நெப்பந்தஸ் காசியானா, மேகாலயா ஒரிஜினல், ஸ்டாக் கம்மி' என்று விளம்பரம் ஓடுகிறது. படத்தில் இருப்பவை தொட்டியில் இல்லை. வேர் வெளியே தெரிய, செய்தித்தாளில் சுருட்டி வைத்த செடிகள். விற்பவரிடம் கேட்டால், "அழிஞ்சுக்கிட்டு வர்ற செடி சார், நீங்க வளர்த்தா அதைக் காப்பாத்துன மாதிரி" என்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை வாங்குவது சட்டப்படி சரியா? வீட்டில் வளர்ப்பதால் அந்த இனத்துக்கு நிஜமாகவே ஏதாவது நன்மை உண்டா? இது வேண்டாம் என்றால் வேறு எந்த நெப்பந்தஸ் இங்கே நிற்கும்? என்னுடையது எட்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காற்று நிறைய. காலை பத்தரை வரை நேர் வெயில்.

#2 பிரிவு17

வாங்காதீர்கள். காசியானா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் 'குறிப்பிடப்பட்ட தாவரம்'. 1991 திருத்தத்தில் 3ஏ அத்தியாயத்தைச் சேர்த்தபோதே பட்டியலில் இருந்தது. அப்போது ஆறாம் அட்டவணை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு அது மூன்றாம் அட்டவணை.

17ஏ பிரிவு காட்டிலிருந்து பிடுங்குவதை மட்டும் தடுக்கவில்லை. வைத்திருப்பது, விற்பது, விற்பதாக அறிவிப்பது, அன்பளிப்பாகக் கொடுப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எல்லாமே அதில் வரும். உயிருள்ள செடி, காய்ந்த செடி, அதன் ஒரு பகுதி என்ற வேறுபாடும் கிடையாது. அந்தந்த மாவட்டத்தில் வாழும் பழங்குடி மக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதற்குத்தான் விலக்கு. பெங்களூரில் கூரியரைப் பிரிக்கும் நமக்கு அது பொருந்தாது.

அந்தக் குழுவில் விளம்பரம் போட்டதே குற்றம். நீங்கள் பணம் அனுப்பினால் நீங்களும் அதற்குள் வருவீர்கள்.

#3 மாடித்தோட்டம்_ஜேபிநகர்

பிரிவு17 சார், இதில் ஒரு சந்தேகம். காட்டுச் செடிக்கு இது சரி. திசு வளர்ப்பில் உருவாக்கிய காசியானாவுக்கும் இதே சட்டமா? சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் செயற்கையாகப் பெருக்கிய செடிக்குச் சலுகை உண்டு என்று படித்திருக்கிறேன்.

#4 பிரிவு17

இரண்டும் வேறு வேறு சார். நீங்கள் சொல்வது சைட்டீஸ். அதில் காசியானாவும் போர்னியோவின் ராஜா என்ற நெப்பந்தஸ் இனமும் முதல் இணைப்பில் இருக்கின்றன, மற்ற நெப்பந்தஸ் எல்லாம் இரண்டாம் இணைப்பில். முதல் இணைப்புச் செடியைச் செயற்கையாகப் பெருக்கியிருந்தால் இரண்டாம் இணைப்புச் செடியாக நடத்துவார்கள். ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கான விதி.

உள்நாட்டில் 17சி இருக்கிறது: தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது மாநில அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரின் உரிமம் இல்லாமல் குறிப்பிடப்பட்ட தாவரத்தை வளர்க்கக் கூடாது. 17டி வணிகத்துக்கு. இந்தப் பிரிவுகள் செடி ஆய்வகத்தில் பிறந்ததா காட்டில் பிறந்ததா என்று பார்ப்பதில்லை. திசு வளர்ப்புச் செடி விற்பவரிடம் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கலப்பினங்கள், பிற நாட்டு இனங்களின் உள்நாட்டு நாற்றுகள் இந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைப்பதாக இருந்தால் அந்த நாட்டின் சைட்டீஸ் அனுமதி, தாவர நலச் சான்றிதழ், 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இங்கே வாங்க வேண்டிய இறக்குமதி அனுமதி மூன்றும் வேண்டும். 'பரிசுப் பொருள்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் விற்பனையாளர்கள் பக்கமே போகாதீர்கள்.

#5 புல்வெளிச்சரிவு

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்த விற்பவர் சொல்வது தவறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நெப்பந்தஸில் 170க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம். மேற்கே மடகாஸ்கர், சேஷெல்ஸ், இலங்கை என்று ஆங்காங்கே சில. இந்தியாவுக்கு இயற்கையாக உரியது காசியானா ஒன்றுதான், அதுவும் மேகாலயாவில் காரோ, காசி, ஜைந்தியா மலைகளில் துண்டு துண்டாக. பாக்மாராவிலும் ஜராயினிலும் உள்ள கூட்டங்கள் பலருக்கும் தெரிந்தவை. பாக்மாரா குடுவைத் தாவரச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 2.7 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய இடத்தில் நாலு பேர் ஒரு சாக்கு செடியைப் பிடுங்கினாலே அடுத்த தலைமுறைக்கான தாய்ச்செடிகள் போய்விடும்.

இது அமில மண், தழைச்சத்து இல்லாத மண், நல்ல வெளிச்சம், நிறைய மழை உள்ள சரிவுகளில் வளர்வது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பூச்சியிடமிருந்து எடுக்கிறது. குடுவையைக் கட்டுவதும் இனிப்பு நீர் சுரப்பதும் செடிக்குப் பெரிய செலவு. வெளிச்சம் தாராளமாக இருந்தால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். மேலே மரம் மூடி நிழலானால் செடி சாகாது, ஆனால் குடுவை விடுவதை நிறுத்தி வெறும் இலையும் கொடியுமாக நீளும். ஆகவே வேலி போட்டு, உள்ளே கை வைக்காமல் விட்டுவிட்டாலே பாதுகாப்பு ஆகிவிடாது. புதர் மண்டினால் குடுவைக் கூட்டம் மெல்லக் குறையும். புல்வெளி ஓரம், மண் சரிந்த இடம், பாதை வெட்டிய சரிவு போன்ற திறந்த ஓரங்கள் அதற்கு வேண்டும்.

அச்சுறுத்தல்களில் நிலக்கரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், காட்டை எரித்து மாறி மாறிப் பயிரிடும் சுழற்சியின் இடைவெளி குறைந்தது, தோட்டப் பயிர்களின் பரவல் ஆகியவை முன்னால் நிற்கின்றன. எலிவளைச் சுரங்கத்துக்கு (குறுகிய பொந்து தோண்டி நிலக்கரி எடுப்பது) தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை விதித்தது. ஆனால் தோண்டிப் போட்ட நிலமும் அதிலிருந்து கசியும் அமில நீரும் தடை உத்தரவால் மறைந்துவிடாது. இவற்றுக்கு மேல் சேகரிப்பு. விற்பனைக்காகப் பிடுங்குவது மற்றவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது குறி வைப்பது பூக்கும் வயதில் இருக்கும் பெரிய செடிகளை. அடி அங்கேதான் விழுகிறது.

இனி 'வீட்டில் வளர்த்தால் காப்பாற்றியது' என்ற பேச்சு. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உங்கள் பால்கனியில் ஒன்று, ஹெப்பாளில் ஒன்று, இரண்டும் ஆணாக இருந்தால் விதையே கிடையாது. இரண்டும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்த திசு வளர்ப்பு நகல் என்றால் பால் ஒன்றாகத்தான் இருக்கும், மரபணுவும் ஒன்றே. எந்தச் சரிவிலிருந்து வந்தது என்ற பதிவும் இல்லாவிட்டால் அந்தச் செடியைத் திரும்பக் கொண்டுபோய் நடவும் முடியாது. அது அழகான வீட்டுச் செடிதான். அழிவைத் தடுக்கும் சேமிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

#6 தாவரவியல்_இரண்டாமாண்டு

#5 மிகவும் பயனுள்ளது, நன்றி அண்ணா. இரண்டு கேள்வி. ஒன்று, படத்தைப் பார்த்தே காட்டுச் செடியா நாற்றங்கால் செடியா என்று எப்படிச் சொல்வது? இரண்டு, ஆய்வு நிறுவனங்கள் இதைப் பெருக்கவில்லையா?

#7 புல்வெளிச்சரிவு

முதல் கேள்விக்கு. காட்டிலிருந்து பிடுங்கிய செடியின் அடித்தண்டு மரம் மாதிரி முற்றியிருக்கும், உதிர்ந்த இலைகளின் தழும்பு வரிசையாகத் தெரியும். பழைய இலைகளில் பாசியோ பூச்சி கடித்த ஓட்டையோ இருக்கும். வேரில் செம்மண் அல்லது களி ஒட்டியிருக்கும், அல்லது வேர் பாதி அறுந்திருக்கும். ஒரே கட்டில் சின்னதும் பெரியதுமாகக் கலந்து வரும். குடுவைகள் பெரும்பாலும் வழியிலேயே கருகிப் போயிருக்கும். திசு வளர்ப்புச் செடிகள் ஒரே அளவு, ஒரே நிறம். இலை பளபளவென்று மாசில்லாமல் இருக்கும், அடியிலிருந்து இரண்டு மூன்று முளை சேர்ந்து வரும், வேர் பாசியிலோ தென்னைநார் உருண்டையிலோ இருக்கும். நீங்கள் பார்த்த படத்தில் செய்தித்தாள் சுருட்டல் என்றாலே முதல் வகை என்றுதான் கொள்ள வேண்டும்.

இன்னொன்று: 'காசியானா' என்று விற்பதில் பல காசியானாவே இல்லை. இலை தாள் போல மெல்லியதாக, ஓரத்தில் நுண்ணிய மயிர் வரிசையோடு இருந்தால் அது பெரும்பாலும் மிராபிலிஸ் என்ற வேறு நெப்பந்தஸ். காசியானா இலை தடித்து, தோல் மாதிரி, ஓரம் வழுவழுப்பாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு. பெருக்கியிருக்கிறார்கள். ஷில்லாங்கில் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்திலும், திருவனந்தபுரம் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்திலும் 1990களிலேயே கணுக்களிலிருந்து திசு வளர்ப்பில் நாற்று எடுத்துவிட்டார்கள். பாலோட்டில் இந்தச் செடியின் உயிர்வேதியியலிலும் நல்ல வேலை நடந்தது. புற ஊதா ஒளியில் குடுவை விளிம்பு நீலமாக ஒளிர்வதை 2013இல் வெளியிட்டார்கள். திறக்காத குடுவைக்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருப்பதையும் பிறகு காட்டினார்கள். ஆக, செடியைப் பெருக்குவது தெரிந்த வித்தை. பல கூட்டங்களிலிருந்து, இரு பாலும், இடக் குறிப்போடு சேர்த்து வைப்பதும், திரும்ப நடுவதற்கு நிலம் மிஞ்சியிருப்பதும்தான் கடினம்.

#8 கணுவும்கட்டிங்கும்

திரி தொடங்கியவரின் மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவு 15 டிகிரி வரை இறங்கும், மார்ச் ஏப்ரல் பகலில் 34 வரை ஏறும். தாழ்நில இனங்களான பைகல்கரேட்டா, ஆம்புல்லேரியா குளிர்காலத்தில் முடங்கும். ராஜா, வில்லோசா போன்ற உயர்மலை இனங்களுக்கு வருடம் முழுக்க குளிர்ந்த இரவு வேண்டும், நம் ஏப்ரல் இரவு அவற்றுக்கு ஆகாது. இடைப்பட்டவைதான் இங்கே சரி: வென்ட்ரிகோசா, வென்ட்ராட்டா, சாங்குவினியா, மாக்ஸிமா, மிராண்டா. முதல் செடி என்றால் வென்ட்ராட்டா வாங்குங்கள். காற்றில் ஈரம் குறைந்தாலும் குடுவை விடும், தவறைப் பொறுக்கும்.

கலவை: நீள நார் ஸ்பேக்னம் பாசி ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு அல்லது பைன் பட்டை ஒரு பங்கு. தோட்ட மண், மண்புழு உரம், சாணம், செம்மண் எதுவும் ஒரு பிடிகூட வேண்டாம். தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். 24 மணி நேரம் ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்த வடிநீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் கருவி) பாருங்கள். 50க்குக் கீழே வரும் வரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். மலிவான கோகோபீட் கட்டி நாலைந்து முறை அலசினாலும் இறங்காமல் அடம்பிடிக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மட்டைத் துண்டே வாங்குங்கள். பாசியும் காட்டிலிருந்து வாரியது வேண்டாம், மூட்டையில் பெயர், விளைந்த நாடு எதுவும் இல்லாத பாசியைத் தவிர்த்துவிடுங்கள்.

தொட்டி பிளாஸ்டிக், வெளிர் நிறம், 5 அல்லது 6 அங்குலம். கறுப்புத் தொட்டி காலை வெயிலிலேயே சூடேறி வேரை வேகவைக்கும். மண் தொட்டியின் சுவரில் உப்பு படியும். தொட்டி மாற்றும்போது வேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: நெப்பந்தஸ் வேர் நலமாக இருக்கும்போதே கறுப்பாக, நூல் மாதிரி, தொட்டால் ஒடியும்படிதான் இருக்கும். அழுகல் என்று நினைத்து நறுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். பழைய கலவை உருண்டையோடு அப்படியே தூக்கி வையுங்கள்.

வெளிச்சம்: காலை பத்தரை வரை வெயில் நல்லது. மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், மற்ற மாதங்களில் வலை வேண்டாம். வெளிச்சம் போதுமா என்பதை இலையே காட்டும். கரும்பச்சையாக நீண்டு துவண்டால் குறைவு. லேசாகச் செம்மை பூசி விறைத்து நின்றால் சரி. வெளுத்து மஞ்சளாகி மேற்பரப்பில் காய்ந்த திட்டு வந்தால் அதிகம்.

எட்டாவது மாடிக் காற்றுதான் உங்களுக்குப் பெரிய எதிரி. பால்கனி கம்பிப் பக்கம் பாதி உயரத்துக்கு வலை கட்டி, செடியைச் சுவரோரம் தரையில் வையுங்கள், மற்ற செடிகளோடு கூட்டமாக. ஈரம் வேண்டுமே என்று பாலிதீன் பையில் மூடி வெயிலில் வைக்காதீர்கள், ஒரே நாளில் வெந்துவிடும்.

#9 ஒயிட்ஃபீல்ட்_பால்கனி

கணுவும்கட்டிங்கும் சார், மிக்க நன்றி. தண்ணீர் விஷயம் மட்டும் கொஞ்சம் விளக்குங்கள். காவிரி வரும், பற்றாத நாளில் டேங்கர். வீட்டில் ஆர்ஓ இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஊற்றலாமா?

#10 கணுவும்கட்டிங்கும்

டேங்கர் தண்ணீர் பெரும்பாலும் போர்வெல். அது அறவே வேண்டாம். காவிரியிலும் கரைந்த உப்பு நெப்பந்தஸ் தாங்கும் அளவைவிட அதிகம், அவசரத்துக்கு ஒரு முறை ஊற்றலாம், வழக்கமாகக் கூடாது.

ஆர்ஓ என்றதும் நிம்மதியாகி விடாதீர்கள். வீட்டு இயந்திரங்களில் சுவைக்காக உப்பைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். குழாயில் வருவது 100, 150 காட்டும். மீட்டரை வைத்துப் பாருங்கள். 50க்குக் கீழே இருந்தால் ஊற்றுங்கள், 100க்கு மேல் போனால் சர்வீஸ் செய்பவரிடம் அந்தக் கலப்புத் திருகை மூடச் சொல்லுங்கள், அல்லது செடிக்கு மட்டும் சவ்வுக்கு அடுத்த குழாயிலிருந்து தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கழிவுக் குழாய்த் தண்ணீர் முழுக்க உப்பு, அதை இந்தச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஏசித் தண்ணீரில் உப்பு இல்லை, ஆனால் உள்ளே தாமிரக் குழாய், அலுமினியத் தகடு, தூசி எல்லாம் கழுவி வரும். அதை நம்பி வளர்க்க வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைநீர் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து மூடியுள்ள டிரம்மில் சேர்த்தால் கோடைக்குக் கணிசமாக மிஞ்சும்.

ஊற்றும் முறை: மேலிருந்து, அடியில் வடியும் வரை. கலவையின் மேல்புறம் காயத் தொடங்கும்போது அடுத்தது. தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், இது ஈரச் சேற்றில் வளரும் சாரசீனியா என்ற வேறு வகைக் குடுவைச் செடி கிடையாது, வேர் மூழ்கினால் அழுகும். மாதம் ஒரு முறை தொட்டிக் கொள்ளளவுக்கு இரு மடங்கு தண்ணீர் விட்டு அலசி, கடைசியில் வடிவதை அளந்து பாருங்கள். 150க்கு மேல் காட்டினால் கலவை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

#11 பனசங்கரி_வாசகி

எங்கள் மிராண்டாவில் இலை ஒவ்வொன்றாக நன்றாக வருகிறது, இலை நுனியில் பற்றுக்கம்பியும் நீள்கிறது. ஆனால் முனையில் சின்ன மொட்டு மாதிரி வந்து அப்படியே காய்ந்துவிடுகிறது. உரம் வைத்தால் சரியாகுமா?

#12 கணுவும்கட்டிங்கும்

மண்ணில் உரம் வைக்காதீர்கள் மேடம், இன்னும் மோசமாகும். வேர் வழியாகத் தழைச்சத்து கிடைத்தால் செடி குடுவை கட்டும் செலவைச் செய்யாது, இலையை மட்டும் பெருக்கும். உப்பும் சேரும்.

மொட்டு காய்வதற்கு இங்கே முதல் காரணம் காற்றின் ஈரம். மார்ச்சில் பெங்களூரு பிற்பகல் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும். மொட்டு ஊதிப் பெரிதாகும் சில வாரங்களில் அது 60க்கு அருகிலாவது இருக்க வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்ட மூலை, செடிக் கூட்டத்தின் நடு, காற்று நேராக அடிக்காத இடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சின்ன ஈரமானி ஒன்று செடி மட்டத்தில் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். அடுத்த காரணம் வெளிச்சக் குறைவு. மூன்றாவது, இடம் மாற்றிக்கொண்டே இருப்பது. ஒரு இடத்தில் வைத்தால் புதிதாக இரண்டு இலை வரும் வரை நகர்த்த வேண்டாம்.

குடுவை வந்த பிறகு ஊட்டம்: திறந்த குடுவைக்குள் மட்டும், மாதம் ஒரு முறை, இறந்த எறும்போ காய்ந்த இரத்தப்புழுவோ ஒரு சிட்டிகை. அது இல்லாவிட்டால் தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு லிட்டருக்குக் கால் கிராம், அந்தக் கரைசலில் ஒரு தேக்கரண்டி குடுவைக்குள். இறைச்சித் துண்டு, பால், சோறு போடுவது வேண்டாம். ஜீரணத்துக்கு முன் அழுகி, குடுவை அடியிலிருந்து கறுக்கும். கூரியரில் வந்த செடியில் குடுவை நீர் கொட்டிப் போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை ஆர்ஓ நீர் விடலாம். திறக்காத குடுவையைக் கையால் திறக்கக் கூடாது. மேலிருந்து பழுப்பாவது வயது, காய்ந்த பகுதியை மட்டும் வெட்டுங்கள்.

#13 புல்வெளிச்சரிவு

ஈரப்பதம் பற்றி ஒரு சேர்க்கை. குடுவை விளிம்பு வழுக்குவது மெழுகால் என்று பலர் நினைக்கிறார்கள். மெழுகு பல இனங்களில் உள்சுவரில்தான். விளிம்பில் நுண்ணிய வரிகள் உண்டு, அவற்றில் மழையோ பனியோ படிந்தால் மெல்லிய நீர்ப்படலம் பரவி, எறும்பின் கால் பிடிமானம் இழக்கிறது, ஈரச் சாலையில் டயர் சறுக்குவதைப் போல. விளிம்பு காய்ந்திருக்கும் நேரத்தில் எறும்பு பத்திரமாக வந்து இனிப்பு நீர் குடித்துவிட்டுப் போகும், கூட்டத்தைக் கூட்டி வரும். அடுத்து விளிம்பு நனையும்போது கூட்டமாக விழும். எப்போதும் வழுக்கும் பொறியைவிட, விட்டு விட்டு வழுக்கும் பொறிக்கு எறும்பு அதிகம் சிக்குவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே காய்ந்த பால்கனியில் குடுவை அழகாக இருந்தும் எதுவும் சிக்கவில்லை என்றால் செடியில் குறையில்லை, விளிம்பு நனையவில்லை, அவ்வளவே. அதிகாலையில் நுண்தெளிப்பு ஒரு முறை போதும்.

#14 மாடித்தோட்டம்_ஜேபிநகர்

ஒரு யோசனை. கொடைக்கானல், ஏற்காடு, குடகு எல்லாம் மழை, உயரம், அமில மண் என்று எல்லாப் பொருத்தமும் உள்ள இடங்கள். உரிமம் பெற்ற நாற்று வாங்கி அங்கே எஸ்டேட் ஓரங்களில் நட்டுவிட்டால், மேகாலயாவில் அழிந்தாலும் இங்கே மிஞ்சுமே?

#15 புல்வெளிச்சரிவு

நல்ல எண்ணம்தான் சார், ஆனால் செய்யக் கூடாத வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சரி, ஏற்காடு இருக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் சரி, நெப்பந்தஸ் இயற்கையாக இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது இலங்கையின் டிஸ்டிலடோரியா, அதற்கடுத்து காசியானா. இல்லாத இடத்தில் ஒரு பூச்சியுண்ணியைக் கொண்டுவந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். செடி செத்துப்போகும். அல்லது பிழைத்துப் பரவி, சோலைப் புல்வெளியில் ஏற்கெனவே இருக்கும் பூச்சியுண்ணிச் செடிகளான ட்ரோசிரா, யூட்ரிகுலேரியாவின் இடத்தில் கால் வைக்கும். கடைகளில் கிடைப்பதில் பாதி கலப்பினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு நெப்பந்தஸ் தனியாக வாழ்வதில்லை. போர்னியோவில் லோவி என்ற இனத்தைப் பாருங்கள். முதிர்ந்த செடிக்குப் பூச்சி முக்கியமே இல்லை. மர மூஞ்சூறு மூடியின் அடியில் சுரக்கும் இனிப்பை நக்க வந்து குடுவையின் மேல் உட்கார்ந்து கழித்துவிட்டுப் போகிறது, இலையின் தழைச்சத்தில் பாதிக்கு மேல் அந்த எச்சத்திலிருந்து வருகிறது. ஹெம்ஸ்லியானா குடுவைக்குள் சிறிய வௌவால் பகலில் தங்குகிறது, அதன் எச்சம் செடிக்கு உணவு. பைகல்கரேட்டாவின் பற்றுக்கம்பிக்குள் ஒரு குறிப்பிட்ட எறும்பு கூடு கட்டி, செடியைத் தின்ன வரும் வண்டைத் துரத்துகிறது. ஆம்புல்லேரியா காட்டின் தரையில் விழும் சருகை வாங்கிச் செரிக்கிறது, மேலே மரம் இல்லாவிட்டால் அந்த வழி அடைபடும். காசியானாவின் குடுவைக்குள்ளும் கொசுப் புழு முதலான உயிர்களின் ஒரு சின்னச் சமூகம் உண்டு. செடியை மட்டும் பெயர்த்து வேறு மலையில் வைத்தால் இந்த உறவுகள் எதுவும் கூட வராது. காப்பாற்ற வேண்டியது அந்தச் சரிவைத்தான்.

#16 பனசங்கரி_வாசகி

கொசு என்றதும் பயமாக இருக்கிறது. டெங்கு காலத்தில் மாநகராட்சிக்காரர்கள் வந்து தண்ணீர் தேங்கிய தொட்டி எல்லாம் பார்க்கிறார்கள். குடுவைக்குள் ஏடிஸ் வளருமா?

#17 கணுவும்கட்டிங்கும்

இளம் குடுவையின் நீர் அமிலம், செரிமான நொதி உள்ளது, விழும் பெரும்பாலானவை பிழைக்காது. வயதாகி மழைநீரில் நீர்த்துப்போன குடுவையில் புழு இருக்கலாம், வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், நெளிந்தால் அந்தக் குடுவையைக் கவிழ்த்துக் கொட்டிவிடலாம். நிஜ ஆபத்து அடித்தட்டிலும் மழைநீர் டிரம்மிலும்தான். தட்டை வெறுமையாக வையுங்கள், டிரம்மின் வாயைக் கொசுவலையால் கட்டுங்கள். குடுவைக்குள் புழுக்கொல்லி போட வேண்டாம்.

மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவுப்பூச்சி, செதில் பூச்சி கணுவிடுக்கில் உட்காரும். 70 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து மாலையில் தொட்டு எடுங்கள், ஐந்து நாள் கழித்து மறுபடி. வேப்பெண்ணெய் தெளித்து வெயிலில் வைத்தால் இலை கருகும். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

#18 தாவரவியல்_இரண்டாமாண்டு

வென்ட்ராட்டா நீண்டு கொடியாகிவிட்டால் வெட்டி நடலாமா? விதையிலிருந்து எடுப்பது எப்படி?

#19 கணுவும்கட்டிங்கும்

வெட்டி நடுவதுதான் எளிது. அதனால் கடைச் செடியின் தேவையும் குறையும். ஜூன், ஜூலை நல்ல மாதம். மூன்று கணு உள்ள துண்டாக, கீழ்க்கணுவுக்கு அரை அங்குலம் கீழே சாய்வாக, ஆல்கஹாலில் துடைத்த பிளேடால் வெட்டுங்கள். கீழ் இலையை எடுத்துவிட்டு, மற்ற இலைகளைப் பாதியாக நறுக்குங்கள், குடுவைகளையும் எடுத்துவிடுங்கள். வெட்டுமுனையில் ஐபிஏ வேர்ப்பொடி தொட்டு, பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் சுற்றி, சிறிய தொட்டியில் இறுக்காமல் நடுங்கள். மேலே தெளிவான பை, இரண்டு ஓட்டையோடு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில். 22 முதல் 27 டிகிரி இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். கணுவில் முளை வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று பையைத் தூக்கிவிடாதீர்கள். தண்டில் இருக்கும் சேமிப்பிலிருந்தும் முளை வரும். லேசாக இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். பிறகு பத்து நாளில் பையைச் சிறிது சிறிதாகத் திறங்கள். தண்டு கறுத்து மென்மையானால் பாசி அதிகம் நனைந்திருந்தது என்று பொருள், பிழிந்தால் சொட்டக் கூடாது.

விதைக்கு ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். விதை மெல்லிய நூல் மாதிரி, சீக்கிரம் முளைப்புத் திறன் இழக்கும். மூடாமல் பாசியின் மேலே தூவி, வெளிச்சத்தில், மூடிய பெட்டியில் வைத்தால் ஒன்று இரண்டு மாதத்தில் முளைக்கும். ஆன்லைனில் பொட்டலமாக வரும் 'நெப்பந்தஸ் விதை' என்ற உருண்டை விதைகள் வேறு எதுவோ. நெப்பந்தஸ் விதை உருண்டையாக இருக்காது.

#20 ஒயிட்ஃபீல்ட்_பால்கனி

எல்லோருக்கும் நன்றி. காசியானா வேண்டாம், வென்ட்ராட்டா கட்டிங் ஒன்று உள்ளூரில் யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன். அந்த விளம்பரத்தை என்ன செய்வது? குழுவில் கேட்டால் அழித்துவிட்டு ஓடிவிடுவார்.

#21 பிரிவு17

குழுவில் வாதாடாதீர்கள். முதலில் திரைப்பிடிப்பு எடுங்கள்: விளம்பரம், படம், எண், தேதி, குழுவின் பெயர் எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி. உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கும் கர்நாடக வனத்துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பொறி வைப்பதாக நினைத்து முன்பணம் கட்ட வேண்டாம், அது விசாரணைக்கு உதவாது, உங்களுக்கும் சிக்கல்.

#22 புல்வெளிச்சரிவு

மேகாலயா போகிறவர்களுக்கும் சேர்த்து: காசியானா படம் போட்டால் கேமராவின் இடக் குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். பின்னணியில் மைல்கல், பாலம், கடைப் பெயர்ப்பலகை தெரியாமல் படமெடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கும், ஆனால் அதே படத்தை நீங்கள் பேஸ்புக்கில் ஊர்ப் பெயரோடு போட்டால் அந்த மறைப்பு வீண். போர்னியோவோ சுமத்ராவோ, புதிய இனம் வெளிவந்த சில மாதங்களில் ஆட்கள் போய்ப் பிடுங்குவார்களோ என்ற கவலையில் ஆய்வாளர்களே இப்போது சரியான இடத்தை அச்சிடாமல் விடுகிறார்கள்.

கட்டிங் பரிமாறிக்கொள்பவர்கள் தொட்டியில் ஒரு பட்டையாவது செருகுங்கள்: இனமோ கலப்போ, யாரிடமிருந்து, எந்த ஆண்டு, பூத்திருந்தால் ஆணா பெண்ணா. பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும்.